கய்யாமுக்குக் கட்டிய அட்டைகள்

உமர் கய்யாம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் எழுவது ஒரு படம். நிழல் பரப்பும் மரம், அதன் கீழே தலைப்பாகை சரிந்த ஒரு முதியவர், கையில் மதுக்கிண்ணம், எதிரே யாழேந்திய நங்கை. இப்படத்தை எங்கே கண்டோம் என்று எண்ணிப் பார்த்தால், ஏதேனுமொரு நூலின் மேலட்டையில் அல்லது நாட்காட்டியில் என்பது நினைவுக்கு வரும். அவரை நேரில் கண்டு எழுதியவர்களின் குறிப்புகளில் இந்த முதியவர் இல்லை.

அக்குறிப்புகளில் காணப்படும் உமர் வேறொருவர். ஹிஜ்ரி 439-இல், அதாவது 1048-ஆம் ஆண்டில், குராசானின் நைஷாப்பூரில் பிறந்தவர். சல்ஜூக்கிய சுல்தான் மலிக்ஷாவின் ஆணைப்படி வானநூல் அறிஞர்கள் கூடி ஆண்டுக் கணக்கைத் திருத்தியபோது அவர்களுள் முதன்மையாக நின்றவர். 1079-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அந்த ஜலாலி நாட்காட்டி, ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகட்குப் பின்னர் திருத்தப்பெற்ற கிரிகோரி நாட்காட்டியோடு நுட்பத்தில் ஒப்பவைத்துப் பேசப்படுவது. அல்ஜப்ரு என்னும் இயற்கணிதத்தில் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, கூம்பு வெட்டுக் கோடுகளின் துணையால் அவற்றுக்குத் தீர்வு கண்டவர். 'இமாம்' என்றும் 'ஹுஜ்ஜத்துல் ஹக்' என்றும் மக்கள் அவரை மதித்தழைத்தனர்.

நிஜாமி அரூளி என்பார் அவரை ஹிஜ்ரி 506-இல் பல்க் நகரில் கண்டவர். தம் அடக்கவிடத்தின்மீது மரங்கள் பூச்சொரியும் என்று உமர் அப்போது கூறியதையும், பல்லாண்டுகட்குப் பின் நைஷாப்பூர் சென்று அவ்வாறே கண்டு தாம் கண்ணீர் உகுத்ததையும் அவர் எழுதியுள்ளார். அந்த ஏட்டில் உமர் இடம்பெற்றிருப்பது வானநூலார் பற்றிய பகுதியில். கவிஞர் பற்றிய பகுதியில் அன்று. சிறு பிராயத்தில் உமரைக் கண்ட பைஹகீ, அவருடைய மருமகன் வாயிலாகக் கேட்டறிந்த இறுதி நாளை வருணிக்கிறார். இப்னு சீனாவின் 'ஷிஃபா'வை ஓதிக்கொண்டிருந்தவர், படித்த இடத்தில் அடையாளம் வைத்து மூடி, மரண சாசனம் செய்து, உண்ணாமலும் பருகாமலும் இருந்து, இஷாத் தொழுகையை முடித்து, சுஜூதில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியவாறே உயிர் நீத்தார் என்பது அச்செய்தி.

தொழுகைப் பாயில் முடிந்த அந்த வாழ்வுக்கும் மரத்தடி மதுக்கிண்ணத்துக்கும் இடையே எழுநூறு ஆண்டுத் தொலைவு உண்டு. அந்தத் தொலைவை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கவிஞர்கள் அல்லர். புத்தகம் அச்சிட்டு விற்றவர்கள். அவர்கள் பழைய பாடல்களுக்கு மீண்டும் மீண்டும் புதிய அட்டை கட்டிய வரலாற்றை நாம் அறிந்திருப்பது நலம்.

உமர் பாடல் இயற்றவே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாரசீக நாட்டில் கற்றோர் யாவரும் ஓய்வு நேரத்தில் நான்கடி 'ருபாயி' ஒன்றைச் சொல்லிவிடுவது வழக்கம், உமரும் சொல்லியிருப்பார். ஆனால் அவர் 1131-இல் மறைந்தபின் ஒரு தலைமுறை கழித்தே அவர் கவிதையும் சொன்னவர் என்ற பேச்சு ஏடுகளில் தலைகாட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூஃபி பெரியார் நஜ்முத்தீன் ராஸீ தம் 'மிர்ஸாதுல் இபாத்' நூலில் இரண்டு ருபாயிகளை எடுத்துக்காட்டி, வழி தவறிய தத்துவவாதி என்று உமரைக் கண்டிக்கிறார். அதன் பிறகு அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் தொகை ஏறிக்கொண்டே போகிறது. தம் பெயரில் சொல்ல அஞ்சிய ஐயங்களையும் வேடிக்கைகளையும் இறந்துபோன ஓர் அறிஞர் தலையில் ஏற்றிவிடுவது பலருக்கு வசதியாக இருந்திருக்கிறது. ஹிஜ்ரி 865-இல் ஷீராஸில் எழுதப்பெற்று இன்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ள ஏட்டில் 158 பாடல்கள்; கல்கத்தா ஆசியக் கழகத்தில் கிடைத்த ஏட்டில் 516.

இந்த இரு ஏடுகளையும் கண்டெடுத்தவர் எட்வர்டு கவல் என்னும் ஆங்கிலேயர். 1856-ஆம் ஆண்டில் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் புறப்படுமுன் ஆக்ஸ்போர்டு ஏட்டைத் தம் கையால் பெயர்த்தெழுதி, தம்மிடம் பாரசீகம் பயின்ற நண்பர் எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டிடம் கொடுத்தார். கல்கத்தா ஏட்டின் படியையும் பின்னர் அனுப்பி வைத்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு செல்வக் குடியிற் பிறந்து, தொழில் ஏதுமின்றி, நாட்டுப்புறத்தில் தனிமையில் வாழ்ந்தவர். அப்பாடல்களில் தம் மனத்துயருக்கு மருந்து கண்டார் போலும். ஒன்றைச் சுருக்கி, இரண்டை இணைத்து, விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரே நாளின் எண்ணவோட்டம்போல் அவற்றைக் கோத்தார். பாரசீக ஏடுகளில் ருபாயிகள் இறுதியெழுத்தின் அகரவரிசையில் நிற்கும். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. அந்தத் தொடர்பைப் படைத்தவர் ஃபிட்ஸ்ஜெரால்டு. தாம் செய்தது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பன்று என்பதை அவர் நண்பர்களிடம் மறைக்கவுமில்லை. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். பிற்காலத்து விளம்பரங்களில் அது காணப்படவில்லை.

1858-இல் 35 பாடல்களை ஓர் ஆங்கிலத் திங்களிதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அச்சிடாமலே வைத்திருந்தார். திரும்பப் பெற்று, மேலும் சேர்த்து 75 ஆக்கி, 1859-இல் தம் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மேலே பழுப்புத் தாள். விலை ஒரு ஷில்லிங். மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. விற்பவர் பெயராக லண்டன் பழநூல் வணிகர் பெர்னார்டு குவாரிச்சின் பெயர் இருந்தது. நாற்பதைத் தமக்கென எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கடைக்குக் கொடுத்தார். வாங்குவார் இல்லை. ஈராண்டு கழித்து அவை கடை வாயிலில், எதை எடுத்தாலும் ஒரு பென்னி என்ற பெட்டியில் கிடந்தன.

இங்கேதான் நம் சென்னைப் பட்டினம் கதையில் நுழைகிறது. 1861-இல் அந்தப் பெட்டியில் கை விட்டவர்களுள் ஒருவர் விட்லி ஸ்டோக்ஸ் என்னும் ஐரிஷ் வழக்கறிஞர். பழைய கெல்ட்டிய மொழிகளில் பெரும் புலமையாளர். தாம் வாங்கியதில் ஒன்றை ஓவியரும் கவிஞருமான ரொசெட்டிக்குக் கொடுத்தார். ரொசெட்டி தம் நண்பர் ஸ்வின்பர்னோடு சென்று பென்னி கொடுத்துச் சில பிரதிகள் வாங்கினார்; மறுநாள் மீண்டும் சென்றபோது கடைக்காரர் விலையை இரண்டு பென்னி ஆக்கியிருந்தார் என்று ஸ்வின்பர்ன் பிற்காலத்தில் நகைச்சுவையாக நினைவுகூர்ந்தார். தேவை என்ற மணம் மூக்கில் பட்டதும் விலையேற்றும் வணிகருடைய திறமை எந்நாட்டிலும் ஒன்றே. ஸ்டோக்ஸோ 1862-இல் சென்னைக்கு வந்து வழக்கறிஞர் தொழில் நடத்தலானார். வந்த அவ்வாண்டிலேயே, எவரிடமும் அனுமதி கேளாமல், ஃபிட்ஸ்ஜெரால்டின் பாடல்களோடு வேறு சில பகுதிகளையும் சேர்த்து 50 பிரதிகள் சென்னையில் அச்சிட்டார். லண்டனில் இரண்டாம் பதிப்பு வருவதற்கு ஆறாண்டு முன்பே, அந்நூலின் முதல் மறு அச்சு, திருட்டு அச்சு என்றே சொல்லலாம், நம் சென்னையில் வெளிவந்துவிட்டது. நண்பர்களுக்குக் கொடுக்கவே அதைச் செய்தாராதலால் நாம் அவரைப் பெரிதாகக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. சட்ட நூல் வல்லுநர் ஒருவர், பின்னாளில் வைசிராய் அவையில் சட்ட உறுப்பினராகவே அமர்ந்தவர், இதைச் செய்தார் என்பதை மட்டும் குறித்து வைப்போம்.

குவாரிச் விழித்துக்கொண்டார். 1868-இல் இரண்டாம் பதிப்பு, பாடல்கள் 110. 1872-இல் மூன்றாம் பதிப்பு, 101. 1879-இல் நான்காம் பதிப்பு, அதே 101, ஜாமியின் 'ஸலாமான்-அப்ஸால்' பெயர்ப்போடு சேர்ந்து. ஃபிட்ஸ்ஜெரால்டு 1883-இல் காலமான பிறகு, அவர் விட்டுச்சென்ற திருத்தங்களோடு 1889-இல் ஐந்தாம் பதிப்பு. ஒவ்வொன்றிலும் சொற்களும் வரிசையும் மாறின. ஆசிரியருக்கு இது மனநிறைவு காணாத கலைஞனின் திருத்தம். வணிகருக்கோ, முதற்பதிப்பு வைத்திருப்பவரையே நான்காம் பதிப்பும் வாங்கச் செய்யும் நல்வாய்ப்பு. பின்னர் வந்த பதிப்பகத்தார் எல்லாப் பதிப்புகளையும் அருகருகே அச்சிட்டு, அதையும் ஒரு புதுச் சரக்காக விற்றனர்.

மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையில் இல்லாதது எத்தகைய விந்தைகளுக்கு இடந்தந்தது என்பதற்கு ஒரு சான்று. புகழ்பெற்ற கலைத் திறனாய்வாளர் ரஸ்கின் 1863-இல் நூலைப் படித்து வியந்து, 'உமரை மொழிபெயர்த்தவர்'க்கு என்று ஒரு கடிதம் எழுதி நண்பரிடம் கொடுத்தார். முகவரி அறியாத அக்கடிதம் கைமாறிக் கைமாறி ஃபிட்ஸ்ஜெரால்டை அடையப் பத்தாண்டு ஆயிற்று.

அமெரிக்காவில் பேராசிரியர் நார்ட்டன் 1869-இல் எழுதிய மதிப்புரை தீ மூட்டியது. 1891 வரை அந்நாட்டுச் சட்டம் அயல்நாட்டு ஆசிரியர்க்குப் பதிப்புரிமை வழங்கவில்லை. எவரும் அச்சிடலாம், எவர்க்கும் காசு தர வேண்டியதில்லை. ஆகவே போட்டி நூலின் உள்ளே இருந்த பாடலில் அன்று, வெளியே இருந்த கோலத்தில் நடந்தது. 1884-ஆம் ஆண்டு பாஸ்டனில் ஹாட்டன் மிஃப்ளின் நிறுவனத்தார் எலிஹு வெடர் என்னும் ஓவியரைக் கொண்டு பக்கந்தோறும் படம் வரைவித்து, எழுத்தையும் அவர் கையாலேயே தீட்டுவித்துப் பேரளவில் வெளியிட்டனர். தம் ஓவியங்களுக்கு ஏற்பப் பாடல்களின் வரிசையையே வெடர் மாற்றிவிட்டார்! முதல் அச்சு ஆறு நாளில் தீர்ந்துபோயிற்று. நைஷாப்பூரில் வரிசையின்றிப் பிறந்தவற்றுக்கு ஓர் ஆங்கிலேயர் வரிசை தந்தார். அவர் தந்த வரிசையை ஓர் அமெரிக்கர் கலைத்தார். வாங்கியவர்கள் யாவரும் தாங்கள் கய்யாமை வாங்கியதாகவே நம்பினர்.

மறுபுறம், மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் தாமஸ் மோஷர் என்பவர் அழகிய தாளில் சட்டைப் பையில் அடங்கும் சிறு பதிப்புகளைக் குறைந்த விலையில் இறக்கினார். பெரியதைக் கூடத்து மேசைக்கு, சிறியதைச் சட்டைப் பைக்கு என்று ஒரே நூலை இரு வகை வாசகர்க்கும் விற்கும் உத்தி அன்றே வேரூன்றிவிட்டது.

பிரிட்டனில் 1842-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நூலுக்குப் பாதுகாப்பு, வெளியீட்டு நாளிலிருந்து 42 ஆண்டுகள், அல்லது ஆசிரியர் இறந்து ஏழாண்டுகள். இவற்றுள் எது நீண்டதோ அது. 1859-இல் வந்த 75 பாடல்களின் உரிமை 1901-இல் காலாவதியாயிற்று. உடனே பல பதிப்பகங்கள் அந்த முதல் வடிவத்தின்மீது பாய்ந்தன. ஆசிரியரே திருத்தி ஒதுக்கிய வடிவம் மீண்டும் பெருவழக்காயிற்று. அதுதான் சிறந்தது என்று முன்னுரைகள் கூறின. இலவசமாகக் கிடைத்தது என்ற காரணத்தை அவை கூறாமல் விட்டன.

அடுத்த பத்தாண்டுகள் கிறிஸ்துமஸ் பரிசு நூல்களின் காலம். வண்ணப்பட அச்சுக்கலை வளர்ந்துவிட்டது. 1909-இல் எட்மண்ட் டூலாக்கின் 20 வண்ணப்படங்களோடு ஹாடர் அண்டு ஸ்டவ்டன் ஒரு பதிப்பு வெளியிட, அதே ஆண்டில் வில்லி போகானியின் படங்களோடு ஹாரப் நிறுவனத்தார் மற்றொன்றை இறக்கினர். ஓவியர் கையொப்பமிட்ட எண்ணிட்ட பிரதிகள் செல்வர்க்கு. அதே படங்கள் சாதாரணக் கட்டில் மற்றையோர்க்கு. நம் நாட்டு அவனீந்திரநாத் தாகூரின் படங்களோடும் 1910-இல் லண்டனில் ஒரு பதிப்பு வந்தது. அவற்றில் மென்மையும் அடக்கமும் உண்டு. ஏனைய பலவற்றில் நாம் காண்பது என்ன? துருக்கித் தொப்பியும் அரபுக் குடையும் முகலாயத் தூணும் ஒன்றாய்க் கலந்த ஒரு கற்பனைக் கீழ்நாடு, மெல்லிய ஆடை அணிந்த மாதர், எங்கும் மது. பாடலில் ஒரு சொல்லாக, சில வேளை தத்துவக் குறியாக நின்ற கிண்ணம், படத்தில் வெறுங் கிண்ணமாகவே நின்றுவிடுகிறது. சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம். வண்ணப்படத்துக்கு அவ்வசதி குறைவு. நம் இல்லங்களில் பரவிய மரத்தடி முதியவர் இந்தப் படங்களின் வழிவந்தவரே.

அட்டை கட்டும் ஆசை எந்த எல்லைக்குப் போகும் என்பதை விளக்க ஒரு வரலாறு போதும். லண்டனில் சங்கோர்ஸ்கி-சட்கிளிஃப் என்ற நூற்கட்டுக் கலைஞர்கள் இருந்தனர். சோதரன் புத்தகக் கடையின் மேலாளர், செலவைப் பற்றிக் கவலை வேண்டா, உலகில் இதற்கு இணை இருக்கலாகாது என்று கூறி, வெடர் படங்கள் கொண்ட பெரிய பதிப்பொன்றுக்கு அட்டை கட்டும்படி சங்கோர்ஸ்கியைப் பணித்தார். ஈராண்டு உழைப்பு. மேலட்டையில் தோகை விரித்த மூன்று பொன் மயில்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிக்கற்கள், ஆயிரக்கணக்கான தோல் துண்டுகள், எங்கும் பொற்றகடு. 1911-இல் முடிந்தது. கேட்ட விலை ஆயிரம் பவுன். நியூயார்க்கிற்கு அனுப்பினர், சுங்க அதிகாரிகள் பெருந்தொகை கேட்கவே திரும்பி வந்தது. 1912 மார்ச் 29-இல் ஏலத்தில் விட்டபோது 405 பவுனுக்குத்தான் போயிற்று. வாங்கிய அமெரிக்க வணிகருக்காக அதனை ஏற்றிச்சென்ற கப்பல் டைட்டானிக். ஏப்ரலில் கப்பலோடு மயில்களும் அட்லாண்டிக்கின் அடியில் சென்றன. சில வாரங்களில் கடலில் ஒரு பெண்மணியைக் காப்பாற்ற முயன்ற சங்கோர்ஸ்கியும் நீரில் மூழ்கி மாண்டார்.

கதை இத்துடன் நிற்கவில்லை. சட்கிளிஃபின் மருமகன் ஸ்டான்லி பிரே பழைய வரைபடங்களைக் கொண்டு இரண்டாவது ஒன்றைப் பல ஆண்டு முயன்று முடித்தார். பாதுகாப்புக்காக வங்கியின் நிலவறையில் வைத்தார்கள். 1941-இல் ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சு; தீயின் வெப்பத்தில் தோலும் தாளும் உருகிக் கருகின. கற்கள் மட்டும் மிஞ்சின. முதுமையில் அதே கற்களை வைத்து மூன்றாவதைக் கட்டி 1989-இல் முடித்தார். அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பிரேயின் பொறுமையை எண்ணி வியக்கிறோம். ஆயினும் அந்த நூலை எவரும் படிப்பதற்காகத் திறந்ததில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

புத்தகத்தோடு வணிகம் அமையவில்லை. 1892-இல் லண்டனில் உமர் கய்யாம் மன்றம் தோன்றியது. எழுத்தாளர்கள் கூடி விருந்துண்டனர். நைஷாப்பூர் அடக்கத்தலத்து ரோஜாவின் விதையை ஓவியர் சிம்ப்சன் கொண்டுவர, கியூ தோட்டத்தில் வளர்த்து, 1893-இல் ஃபிட்ஸ்ஜெரால்டின் கல்லறையில் நட்டனர். இதுவரை அழகுதான். அமெரிக்காவில் உமர் என்ற பெயரில் சிகரெட் வந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் திருப்பெயரைத் தாங்கிய ஓர் அறிஞர், புகையிலைப் பெட்டியின்மேல் கொழுத்த முதியவராகச் சிரிக்கலானார்.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே உண்மையைத் தேடிய அறிஞர்கள் மேலைநாட்டிலும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. ருஷ்ய அறிஞர் ஷுக்கோவ்ஸ்கி, உமர் பெயரில் வழங்கும் ருபாயிகளுள் 82 வேறு கவிஞர் ஏடுகளிலும் காணப்படுகின்றன என்று 1897-இல் எடுத்துக்காட்டினார். ஹெரான் ஆலன் என்ற ஆங்கிலேயர் ஃபிட்ஸ்ஜெரால்டின் 101 பாடல்களையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டு 1899-இல் கணக்கு வெளியிட்டார். தனி ருபாயி ஒன்றைத் தழுவியவை 49. பல ருபாயிகளைக் கலந்து சமைத்தவை 44. எஞ்சிய எட்டில் அத்தாரின் சாயலும் ஹாஃபிளின் சாயலும் உண்டு. ஆங்கில 'கய்யாமு'க்குள் வேறு பெரியார்களும் பெயரின்றிக் குடியிருந்தனர்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் முன்னுரையில் வரும் ஒரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். உமரும், அமைச்சர் நிஜாமுல் முல்கும், அலமூத் கோட்டையின் ஹஸன் ஸப்பாஹும் ஒரே ஆசிரியரிடம் ஓதிய தோழர்கள், எவர் உயர்ந்தாலும் மற்றவர்க்கு உதவுவதென உறுதி பூண்டவர்கள் என்பது அது. சுவையான கதை, பதிப்புக்குப் பதிப்பு அச்சேறியது. நிஜாமுல் முல்க் பிறந்தது 1018-இல். உமரோ அவருக்கு முப்பது ஆண்டு இளையவர். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஓதியிருக்க இயலாது. உமரின் பிறந்த நாளையே பைஹகீ குறித்துள்ள கிரக நிலையைக் கொண்டு கணித்துத் தந்தவர், சுவாமி கோவிந்த தீர்த்தர் என்ற இந்திய அறிஞர். 1941-இல் வெளியான அவருடைய நூல் அதற்குரிய புகழைப் பெறவில்லை. அதில் படங்கள் இல்லாதது காரணமாயிருக்கலாம்.

'அசல்' என்ற சொல்லுக்குச் சந்தையில் மதிப்பு ஏறியபோது, அசலைச் செய்து தரவும் ஆட்கள் தோன்றினர். ஹிஜ்ரி 658-ஆம் ஆண்டுத் தேதியிட்ட, 172 பாடல்கள் கொண்ட ஓர் ஏட்டைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்பெரி 1949-இல் வெளியிட்டார். 1952-இல் அதனினும் பழையது, ஹிஜ்ரி 604, பாடல்கள் 252 என்று மற்றொன்று. இரண்டும் இருபதாம் நூற்றாண்டில் தயாரிக்கப்பட்ட போலிகள் என்று பிற அறிஞர்கள் நிறுவினர். ஆர்பெரி ஏமாற்றப்பட்டாரேயன்றி ஏமாற்றியவர் அல்லர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த அப்பெருமகனார்மீது நமக்குள்ள மதிப்பு இதனால் குறையவில்லை. 1967-இல் நடந்ததோ வேறு வகை. ராபர்ட் கிரேவ்ஸ் என்ற பெருங்கவிஞரும் உமர் அலிஷா என்பாரும் சேர்ந்து, ஆப்கானிஸ்தானத்தில் ஒரு குடும்பத்தார் பாதுகாத்துவரும் 1153-ஆம் ஆண்டு ஏட்டிலிருந்து பெயர்த்தது என்று கூறி ஒரு நூல் வெளியிட்டனர். அமெரிக்கப் பதிப்பின் தலைப்பிலேயே 'அசல்' என்ற சொல் ஏறியது. ஏட்டைக் காட்டுங்கள் என்று அறிஞர்கள் கேட்டனர், காட்டப்படவேயில்லை. அந்நூலின் பாடல்களும் வரிசையும் ஹெரான் ஆலன் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மூலமாகக் காட்டிய பட்டியலையே பின்பற்றுகின்றன என்பதை எடின்பரோவின் எல்வெல் சட்டன் முதலியோர் அம்பலப்படுத்தினர். அந்த உமர் கள்ளுண்டவர் அல்லர், சூஃபி ஞானி என்பது அவ்வெளியீட்டின் முழக்கம். நம் செவிக்கு இனியதுதான். ஆயினும் போலி ஏட்டின்மேல் எழுப்பும் ஞானி நமக்கு வேண்டியதில்லை.

நம்மவர் என்ன செய்தனர்? அல்லாமா செய்யிது சுலைமான் நத்வீ அவர்கள் 1933-இல் அஃஸம்கட் தாருல் முஸன்னிஃபீன் வாயிலாக உருது மொழியில் 'கய்யாம்' என்ற ஆய்வு நூலை வெளியிட்டார்கள். உமரின் அரபு, பாரசீகத் தத்துவக் கட்டுரைகளை முன்வைத்து, அறிஞர் உமரை அவருடைய காலத்துக்குள் நிறுத்திக் காட்டிய நூல் அது. அடுத்த ஆண்டே ஈரானில் ஸாதிக் ஹிதாயத் 143 பாடல்களைத் தேர்ந்து, இஸ்லாத்தோடு முரண்பட்டு நின்ற கலகக்காரராக உமரை வரைந்தார். 1942-இல் ஃபுரூகீயும் கனீயும் பழைய ஏடுகளையே சான்றாகக் கொண்டு 178-ஐ ஏற்றனர். ஒருவரே மூவரிடம் மூவராக விளங்குகிறார். மூவருள்ளும் நத்வீ அவர்களின் வழியே நமக்கு உறுதியாகப் படுகிறது; அவர்கள் தொடங்கியது ஐயத்துக்கிடமான பாடல்களிலிருந்து அன்று, ஐயமற்ற உரைநடை நூல்களிலிருந்து.

தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தந்த உமர் கய்யாம் பாடல்களின் இனிமையை மறுப்பார் யார்? நம் வீடுகளிலும் அவை பாடப்பட்டன. கவிமணி ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தைத் தழுவியே பாடினார். ஆகவே தமிழ் மக்கள் சுவைத்தது மூன்றாம் கைத் தேன்: ஷீராஸ் ஏடு, இங்கிலாந்து, பின்னர் நாஞ்சில் நாடு. தேன் தேன்தான். ஆனால் அதைக் கொண்டு பூவின் நிறத்தைச் சொல்ல முற்படுவது தவறு.

உமருக்கு நேர்ந்தது நம் காலத்தில் மௌலானா ரூமி (ரஹ்) அவர்களுக்கும் நேர்ந்துள்ளது. நிக்கல்சன் 1925 முதல் 1940 வரை உழைத்து மஸ்னவியை மூலம், பெயர்ப்பு, விரிவுரை என எட்டுத் தொகுதிகளாகத் தந்தார். எந்த அடி எந்த ஆயத்தைச் சுட்டுகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. இடக்கரான சில பகுதிகளை ஆங்கிலத்தில் சொல்லக் கூசி இலத்தீனில் பெயர்த்து வைத்த நாணமும் உண்டு! பாரசீகம் அறியாத அமெரிக்கக் கவிஞர் கோல்மன் பார்க்ஸ், பிறர் பெயர்ப்புகளை வைத்துப் புதுக்கவிதையாக்கி 1995-இல் வெளியிட்ட தொகுப்புத்தான் பெரும்புகழ் பெற்றது. அதிலே காதல் நின்றது. திருமறையும் நபிமொழியும் தொழுகையும் பெரிதும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. உமருக்குக் கிண்ணத்தைக் கொடுத்த சந்தை, ரூமியிடமிருந்து தஸ்பீஹை வாங்கிக்கொண்டது. 2004 முதல் ஜாவித் முஜத்திதியின் மஸ்னவிப் பெயர்ப்பு ஆக்ஸ்போர்டு வெளியீடாக, குறிப்புரையோடு, குறைந்த விலையில் வந்து ஓரளவு ஈடுசெய்கிறது.

புதுக்கோலம் பூட்டுவதே குற்றமென்று நாம் கருதவில்லை. 1928-இல் லாகூரில் அப்துர் ரஹ்மான் சுக்தாய் காலிபின் திவானுக்கு ஓவியந் தீட்டி 'முரக்கஎ சுக்தாய்' என வெளியிட்டார். அல்லாமா இக்பால் முன்னுரை வழங்கினார். அதுவும் விலையுயர்ந்த பரிசு நூலே. ஆனால் ஓவியர்க்குக் காலிபின் மொழி தெரியும். மூலம் பக்கத்திலேயே நின்றது. நம் தமிழில் 1842-ஆம் ஆண்டு சீறாப்புராணத்தை அச்சேற்றிய புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிந்தார்கள். 5027 விருத்தங்களையும் மயில் பதித்த அட்டையின்றியே நம் முன்னோர் இரவிரவாக ஓதக் கேட்டனர். பின் வந்த 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளும் மலிவுத் தாளில் வந்தவையே, அச்சுப்பிழை மலிந்தவைதாம், என்றாலும் குணங்குடியாரைக் குடிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தவை அவைதாம்.

உமரின் இயற்கணித நூல் 1851-ஆம் ஆண்டிலேயே, குவாரிச்சின் பென்னிப் பெட்டிக்குப் பத்தாண்டு முன்பே, அரபு மூலத்தோடும் பிரெஞ்சுப் பெயர்ப்போடும் வோப்கே என்பவரால் பாரிசில் அச்சிடப்பட்டுவிட்டது. அந்நூலின் பாடல் எது, இடைச்செருகல் எது என்ற வழக்கே எழவில்லை. முழு ஆங்கிலப் பெயர்ப்பு தாவூத் காஸிர் என்பவரால் நியூயார்க்கில் 1931-இல் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழக வெளியீடு. படங்கள் எனப்படுபவை கோடுகளும் வளைவுகளும் மட்டுமே.